கெட்டி உருண்டை

நவநீதம்மாள் அந்த வியாழக்கிழமை மடத்துக்கு வந்தபோது கையில் பூ இல்லை. ஒரு தகர டின் இருந்தது.

மலையடிவாரத்தில் இருந்த சின்ன மடம் அது. ஒரு கிணறு, இரண்டு வேப்பமரம், ஓடு வேய்ந்த கூடம். அங்கிருந்த சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. முன்பு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவளைவிட முப்பது வருஷம் சின்னவர். ஆனாலும் அவர் உட்கார்ந்த இடத்துக்கு எதிரில் தரையில்தான் அவள் உட்காருவாள். வாராவாரம் வந்து கூடத்தைப் பெருக்குவாள், கோலம் போடுவாள், சாமி சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவாள்.

இன்றைக்குத் துடைப்பத்தை எடுக்கவில்லை.

"என்னம்மா, முகம் வாடியிருக்கு?" என்றார் சாமி.

"என் பிள்ளைக்கு நான் இருபத்திரண்டு வருஷமா படைச்சது எதுவும் போய்ச் சேரலை சாமி."

சாமி அவளை எதிரில் உட்காரச் சொன்னார்.

அவளுடைய மூத்தவன் தணிகாசலம் பட்டாளத்தில் இருந்தவன். பனிமலையில் நடந்த சண்டையில் போய்விட்டான். இருபத்தாறு வயசு, கல்யாணம் ஆகவில்லை. அவன் போன நாளில் ஒவ்வொரு வருஷமும் அவன் படத்துக்கு முன்னால் ஒரு இலை போடுவாள். அவனுக்குப் பிடித்த கெட்டி உருண்டை செய்து வைப்பாள். அரிசியும் பயத்தம்பருப்பும் வறுத்து அரைத்து, சுக்குத் தட்டிப் போட்டு, கொதிக்கிற வெல்லப்பாகை ஊற்றிப் பிடிக்கிற உருண்டை. ஆறினால் இறுகிவிடும் என்று சூட்டோடு சூடாகப் பிடிப்பாள். உள்ளங்கை இரண்டு நாளைக்குச் சிவந்திருக்கும். மூன்று மாதம் ஆனாலும் கெடாது என்பதால், அவன் இருந்தவரை பார்சலில் அனுப்பியதும் அதைத்தான்.

இலையில் வைத்ததை வேறு யாரும் தொடக் கூடாது. அது அவன் பங்கு. மறுநாள் காலையில் எடுத்துப் போய் ஏரித் தண்ணீரில் விட்டுவிட்டு வருவாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், சின்னவன் ஏகாம்பரத்தின் மகள் இலையிலிருந்து ஒரு உருண்டையை எடுத்துவிட்டாள். நவநீதம்மாள் அந்தக் குழந்தை கையிலிருந்து அதைப் பிடுங்கி மறுபடி இலையிலே வைத்தாள். அதிலிருந்து ஏகாம்பரம் அந்த ஒரு நாள் மட்டும் வீட்டுக்கு வருவதில்லை. மற்ற நாளெல்லாம் வருவான், நன்றாகத்தான் பேசுவான்.

"இந்த வருஷம் ஒருத்தர் வந்தார் சாமி. அருளப்பன்னு பேரு. தூத்துக்குடிப் பக்கம். தணிகாவோட ஒரே பங்கர்ல இருந்தவராம். காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடக்கிறார். படத்துக்கு முன்னால நின்னு சல்யூட் அடிச்சார். அப்புறம் இலையைப் பார்த்தார். சிரிச்சுட்டார்."

"ஏன்?"

"'அம்மா, இந்தக் குண்டுதானே? இதை உடைக்கவே எங்களுக்குத் தனிப் பயிற்சி வேணும்னு சொல்லிச் சிரிப்போம்'னார். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. 'என் பிள்ளை விரும்பிச் சாப்பிடுவானா?'ன்னு கேட்டேன்." அவள் குரல் தணிந்தது. "'அவன் எங்கேம்மா சாப்பிட்டான்? முழுசா ஒண்ணுகூட அவன் எடுத்து நான் பார்த்ததில்லை. பார்சல் வந்த அன்னிக்கே எங்க எட்டுப் பேருக்கும் கொடுத்துடுவான். அவனுக்கு டின்னோட அடியில கிடக்கிற மாவுதான். விரலால வழிச்சு நக்கிட்டு எங்க அம்மா கை வாசனைம்பான்'னு சொன்னார்."

கிணற்றடியில் யாரோ வாளியை இறக்கும் சத்தம் கேட்டது.

"சாப்பிடாத பிள்ளைக்குத்தான் இத்தனை வருஷமா வச்சிருக்கேன் சாமி. அவனுக்கு என்ன பிடிக்கும்னுகூடத் தெரியாத தாய் நான். இதுக்காக இருக்கிற பிள்ளையையும் மனசு நோக வச்சுட்டேன். இனிமே செய்யணுமா, விட்டுடணுமா? நீங்கதான் சொல்லணும்."

சாமி டின்னைப் பார்த்தார். "அந்த உருண்டையா?"

"இந்த வருஷம் வச்சது. ஏரிக்கு எடுத்துட்டுப் போக மனசு வரலை."

"ஒண்ணு கொடுங்க."

அவள் கொடுத்தாள். சாமி வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தார். இந்தப் பக்கம் கடித்தார், அந்தப் பக்கம் கடித்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"அம்மா, எனக்கு இருக்கிறதே இருபத்தெட்டுப் பல்லு."

நவநீதம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்படிக் கடிக்கக் கூடாது சாமி. உடைக்கணும்."

"உடைக்கலாமா?"

அது அவன் பங்கு. இருபத்திரண்டு வருஷத்தில் அதை யாரும் உடைத்ததில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டினாள், விட்டாள்.

"உடைங்க சாமி."

சாமி எழுந்து கிணற்றடிக்குப் போனார். துவைக்கிற கல்மேல் உருண்டையை வைத்து, ஒரு கூழாங்கல்லால் ஓங்கித் தட்டினார். அது நழுவிச் செடிக்குள் ஓடியது. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் தேடி எடுத்துக் கொடுத்தார். காய் நறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் என்னவென்று பார்க்க வந்தார்கள்.

"சாமிக்குக் கை பத்தலை," என்றாள் ஒருத்தி.

"அப்படித் தட்டினா நாள் முழுக்கத் தட்டணும்," என்று நவநீதம்மாள் எழுந்து வந்தாள். "இப்படித் துணியில சுத்திப் பிடிச்சுக்கிட்டு, ஓரமாத் தட்டணும்."

தலைப்பில் உருண்டையைச் சுற்றி ஒரே தட்டுத் தட்டினாள். ஐந்தாறு துண்டாகப் பிளந்தது. பழக்கத்தில் கை தானாக நீண்டு, ஆளுக்கொரு துண்டு கொடுத்தது. ஆட்டோக்காரருக்குப் பெரிய துண்டு.

எல்லார் வாயும் அசைந்தது.

"சுக்கு நல்லாத் தூக்கலா இருக்கும்மா," என்றார் ஆட்டோக்காரர். "எங்க வீட்ல இப்படி வராது."

சாமி தன் துண்டை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "இந்த வித்தை யார் சொல்லிக் கொடுத்தது?"

"தணிகாதான் இப்படி உடைப்பான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசப்படியில உட்கார்ந்து, என் பழைய புடவைத் துணியில சுத்தி..." அவள் நிறுத்தினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ஏகாம்பரத்துக்குத்தான் பெரிய துண்டு. எதிர்வீட்டுப் பொண்ணுக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு."

"அவருக்கு?"

அவள் தன் தலைப்பைப் பார்த்தாள். மடிப்பில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது.

எல்லாரும் அவரவர் வேலைக்குப் போனார்கள். நவநீதம்மாள் டின்னை மூடினாள். கிளம்புகிறவள் போல நின்றவள் கிளம்பவில்லை.

"சாமி, நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லலை. வர்ற வருஷம் செய்யட்டுமா?"

"செஞ்சா எத்தனை இலை போடுவீங்க?"

"ஒரு இலைதான். அவன் ஒருத்தனுக்குத்தானே."

சாமி வாயிலிருந்த துண்டை மென்று முடித்தார். அதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அவர் ஒரு இலையில சாப்பிட்டார்னு அந்த அருளப்பன் சொல்லவே இல்லையேம்மா. எட்டுப் பேருக்குன்னுதானே சொன்னார்?"