டப்பாவுக்கு வால் முளைத்த கதை

அந்தக் காலத்தில் பிளாஸ்டிக் வந்துவிட்டது. ஆனால் காக்கையும் எலியும் இன்னும் பேச்சை நிறுத்தியிருக்கவில்லை. அப்படியொரு காலம் இருந்ததா என்று கேட்கக் கூடாது. வெயிலும் தூறலும் ஒன்றாக விழுகிற பொழுதைப் போலக் கொஞ்ச நாள் இருந்தது, பிறகு இல்லாமல் போனது.

அப்போது வேம்படியூரில் மாடத்தி என்று ஒருத்தி டப்பா செய்து வந்தாள். இரும்பை அரத்தால் ராவி அச்சும் அவளே செய்வாள். பிளாஸ்டிக் குருணையை உருக்கி அந்த அச்சில் இறுக்கி, ஆறவைத்து எடுப்பாள். ஊரில் வேறு டப்பாக்களும் இருந்தன. அவற்றின் மூடிகள் ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும். மாடத்தியின் மூடி அப்படியில்லை. உள்ளங்கையால் ஒரு தட்டு. ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், எறும்பின் மீசை நுழையாது. அந்த ‘டக்’கில் பிசிறு தட்டினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

அவள் புருஷனுக்கு அக்கா உலகம்மை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயம் என்ற லேகியத்தைக் கிண்டுவதில் உலகம்மையை மிஞ்ச ஆள் கிடையாது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் போட்டு, வெண்கல உருளியில் அரை நாள் கிண்டி, சூடு ஆறியதும் மாடத்தியின் டப்பாவில் அடைத்துக் கொடுப்பாள். பிள்ளை பெற்றவள் தினமும் காலையில் நெல்லிக்காய் அளவு உருட்டி விழுங்க வேண்டும். பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள் வரைக்கும்.

வேம்படியூரில் ஒரு வழக்கம் இருந்தது. காய டப்பாவை முதலில் திறக்கிற கை, பிள்ளை பெற்றவளின் கையாகத்தான் இருக்க வேண்டும். புருஷன் திறக்கக் கூடாது, மாமியார் திறக்கக் கூடாது, பெற்ற தாயும் கூடாது. பத்து மாதம் எல்லாருக்கும் அடங்கி நடந்தவளுக்கு ஊர் கொடுத்த ஒரே அதிகாரம் அதுதான். அவளும் அதை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

உலகம்மை அடைத்த டப்பாக்கள் மாடத்தியின் பட்டறை வழியாகத்தான் ஊருக்குள் போகும். கூடையில் அடுக்கி அனுப்புவதற்கு முன்னால் மாடத்தி ஒவ்வொரு மூடியையும் ஒரு தடவை எடுத்து, திரும்ப அழுத்தி, ‘டக்’ கேட்டு, தலையை ஆட்டிவிட்டு வைப்பாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட மாட்டாள். காயத்தைத் தொட்டதில்லை, முகர்ந்ததில்லை. மூடிதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அப்படி எடுத்துப் பார்ப்பதைத் திறப்பது என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஆவணி மாதத்தில் பூலம்மாளின் மருமகள் முப்பிடாதிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் காய டப்பா வந்தது. முப்பிடாதி திறந்தாள். மூடியின் உட்பக்கம் கறுப்பாக ஒரு கட்டைவிரல் தடம். கருப்பட்டி வாசனைக்கு நடுவே மெஷின் எண்ணெய் நாற்றம்.

“இத எனக்கு முன்னால யாரோ தொறந்திருக்காவ. நான் தின்ன மாட்டேன்.”

“அந்த இடத்த மட்டும் துடைச்சிட்டுத் தின்னேன்” என்றாள் பூலம்மாள்.

“நீங்க தின்னுங்க அத்தை. உள்ள என்ன மருந்து வச்சிருக்கோ, யார் கண்டா.”

மருந்து வைத்திருக்கிறார்கள் என்ற சொல் ஒரு வீட்டில் விழுந்தால் போதும், பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் போய்விடும். எனக்கு வந்த டப்பாவிலும் தடம் இருந்தது என்றாள் ஒருத்தி. எனக்கு அன்றைக்கே வயிறு கலக்கியது என்றாள் இன்னொருத்தி. அவள் பிள்ளைக்கு இப்போது நாலு வயது. மறுநாள் காலை எல்லாரும் பூலம்மாள் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். மனிதர்கள் மட்டுமல்ல, வாய் உள்ள எல்லாரும்.

உலகம்மை நடுவில் உட்கார்ந்திருந்தாள். எதிரே அந்த டப்பா. மாடத்தி அவள் பக்கத்தில், டப்பாக் கூடையோடு.

“ஏளா உலகம்மை, முப்பது வருசமா உன் காயத்தத் தின்னுதான் இந்த ஊர்ப் பொம்பளையெல்லாம் எந்திரிச்சு நடந்தாவ” என்றாள் பூலம்மாள். “அதனால கேக்கேன். கை வச்சது யாருன்னு தெரியணும். தெரியலன்னா, இனி நீ உருளிய அடுப்புல ஏத்தாத.”

உலகம்மை முந்தானையின் நுனியை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

சாட்சிகளுக்குக் குறைவில்லை. காக்கை முதலில் வந்தது.

“எலிதான். நான் கண்ணால பாத்தேன்.”

“எந்தக் கண்ணால?” என்றது எலி. கூட்டம் சிரித்தது. “உருப்படியா ஒரு கண்ணு இல்ல, சாட்சி சொல்ல வந்துட்டு. எனக்குக் கட்டைவிரல் எங்க இருக்கு? எறும்பக் கேளுங்க, டப்பாக்குள்ள போறது அவுகதான்.”

“நாங்க நாப்பதாயிரம் பேரு” என்றது எறும்பு. “எவன் எங்க போனான்னு எங்களுக்கே தெரியாது. ஆனா அணிலுக்குக் கருப்பட்டின்னா உசுரு.”

அணில் பூனையைச் சொன்னது. பூனை பாதத்தை நக்கிக்கொண்டது. எல்லாரும் பேசத் தெரிந்த காலத்தில் அதுதான் தொல்லை. ஊர் நிறையச் சாட்சி இருந்தது. ஒன்றையும் நம்ப முடியவில்லை.

மாடத்திக்கு நெஞ்சு கொதித்தது. “எங்க மதினி கைய ஒருத்தரும் குத்தம் சொல்லக் கூடாது. எம் மூடியத் திறந்தவன் கையி விளங்காமப் போகட்டும்” என்று எழுந்து நின்று சொன்னாள்.

“அப்படிச் சொல்லாத” என்று ஒரு சின்னக் குரல் கேட்டது.

பட்டறைச் சுவரில் இருக்கிற பல்லி. டப்பாக் கூடையோடு வந்து அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. பேசுகிற வழக்கமே அதற்கு இல்லை.

“திறந்தது நீதான் மாடத்தி.”

“நானா? நான் மூடிப் பாத்தேன்!”

“திறக்காம எப்படி மூடிப் பாத்த?”

உலகம்மை தலையைத் திருப்பி மாடத்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல்தான் மாடத்தி அதைச் செய்தாள். பாய்ந்து பல்லியின் வாலைப் பிடித்து இழுத்தாள்.

அதுவரைக்கும் எந்தப் பல்லியின் வாலும் கழன்றதில்லை. ஓணானின் வாலைப் போல உறுதியாகத்தான் இருந்தது. பல்லி ஒரே உதறாக உதறியது. உடம்பு கூடைக்குள் ஓடிவிட்டது. வால் மாடத்தியின் கையில் தங்கிவிட்டது. அவள் சட்டென்று கையை மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள் அது துடித்தது.

“ஏட்டி” என்றாள் உலகம்மை. “கைய மூடாத. தொற.”

மாடத்தி விரல்களைப் பிரித்தாள். உள்ளங்கையில் வால் நெளிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில், எத்தனை சீயக்காய் போட்டும் போகாத மெஷின் கறுப்போடு, அவளுடைய கட்டைவிரல். முப்பிடாதி மூடியைப் புரட்டிப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள். பிறகு யாரும் எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“கெடுதல் நெனைச்சுச் செய்யல” என்றாள் மாடத்தி.

“தெரியும்” என்றாள் உலகம்மை. “உம் மூடி நல்லா இருக்கான்னு பாத்த. அதுல எம் பேரு போச்சு.” எழுந்து சேலையை உதறினாள். “இன்னைக்கு உருளிய இறக்கி வைக்கேன். நீ திறந்தாலும் உன்னைக் காட்டிக்கொடுக்கற டப்பா ஒண்ணு செஞ்சு கொண்டா. அப்ப ஏத்துதேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் முப்பத்தோரு நாள்தான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க.”

மாடத்தி பட்டறைக்குப் போனாள். முதலில் அவள் செய்தது கோபத்தில் செய்தது. மூடியையும் டப்பாவையும் சுற்றிலும் உருக்கி ஒட்டிவிட்டாள். உலகம்மை அதை அரிவாள்மனையில் வைத்து அறுத்துத் திறந்தாள். திறந்ததை மூட முடியவில்லை.

“ஏட்டி, இது நாப்பதாம் நாள் வரைக்கும் வச்சுத் திங்கிற பண்டம். மொத நாள் தொறந்தா மத்த நாளெல்லாம் எறும்புக்கா?”

திறந்தால் தெரிய வேண்டும், ஆனால் திறந்த பிறகும் மூட வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. நாலு நாள் அவள் அரத்தையே தொடவில்லை. ஐந்தாம் நாள் பகலில், மொட்டை இடுப்போடு பல்லி சுவரில் ஒரு பூச்சியைப் பிடித்துத் தின்பதைப் பார்த்தாள்.

“வலிக்கா?” என்று கேட்டாள்.

“மொத நாளு வலிச்சது.”

“நான் செஞ்சது பெரிய தப்பு.”

“வாலு போனது போச்சு. நான் இருக்கேன்லா, பூச்சி பிடிக்கேன்லா” என்றது பல்லி.

மாடத்தி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வால் போய்விட்டது, யார் பிடித்தார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. பல்லி முழுசாக இருக்கிறது. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

இந்தத் தடவை மூடியையும் டப்பாவையும் ஒரே வார்ப்பாக வார்த்தாள். நடுவில் ஒரு மெல்லிய பட்டை இரண்டையும் சேர்த்துப் பிடித்திருந்தது. மடக்கி மூடினால், மூடியின் விளிம்பு டப்பாவின் வாய்க்கரைக்குள் பதுங்கிக்கொள்ளும். சுற்றிச் சுற்றித் தடவினாலும் நகம் நுழைய இடம் கிடைக்காது. பிடித்து இழுக்க இருந்தது ஒன்றுதான், பட்டையின் நுனியில் துருத்திக்கொண்டிருந்த ஒரு வால். அதைப் பிடித்துப் பட்டையோடு கிழித்து எடுத்தால் அந்த இடத்தில் ஒரு விரல் நுழைகிற வழி திறக்கும். அப்புறம் வழக்கம்போலத் திறக்கலாம், வழக்கம்போல ‘டக்’கென்று மூடலாம். போன வால் மட்டும் திரும்ப ஒட்டாது.

சொல்வதற்கு இவ்வளவு சுளுவாக இருக்கிறது. பட்டையை முடி அகலத்துக்கு மெலிதாக்கியபோது, கூடையில் வைத்த இடத்திலேயே அறுந்தது. யாரும் தொடாமலே பழி சொல்லுகிற சாட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தடிமனாக்கினாள், அவள் கைக்கு வந்தது, பிள்ளை பெற்ற கைக்கு வருமா என்று சந்தேகம். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து இழுக்கச் சொன்னாள். அறுபடவில்லை, மறுபடி ராவினாள். உலகம்மை நல்லெண்ணெய் புரண்ட விரலோடு இழுத்தாள், வழுக்கியது. அன்று கழன்று காய்ந்துபோன பல்லி வாலை மாடத்தி பட்டறை விளக்குப் பிறையில் வைத்திருந்தாள்; அதை எடுத்து விரலால் நெருடினாள். அதில் செதில் இருந்தது. டப்பாவின் வாலிலும் சின்னச் சின்ன வரிகள் வெட்டினாள். கூட்டம் நடந்து பத்தொன்பதாம் நாள் அச்சு அமைந்தது.

அன்றைக்கு உலகம்மை உருளியை ஏற்றினாள். ஓமம் வறுபடும் வாசனை மூன்று தெருவுக்குப் போனது. அடைத்து மடக்கிய இரண்டு டப்பாக்கள் பூலம்மாள் வீட்டு முற்றத்துக்கு வந்தன. பழைய கூட்டம் அப்படியே வந்தது.

“முதல்ல நான்” என்றாள் மாடத்தி.

எல்லார் முன்னாலும் அவள் தன் டப்பாவையே களவாடப் பார்த்தாள். நகத்தால் பார்த்தாள், கத்தி முனையால் பார்த்தாள், வெந்நீரில் முக்கிப் பார்த்தாள். கத்தி போன இடம் வெள்ளையாகக் கீறிக்கொண்டு நின்றது. மூடி எழும்பவில்லை. காக்கை கொத்தியது, பள்ளம் விழுந்தது. எலி ஒரு மூலையைக் கடித்துவிட்டு, கூட்டம் தன் பல் தடத்தை எண்ணுவதைப் பார்த்ததும் ஓடிவிட்டது.

“கடிக்க முடியுது, உடைக்க முடியுது” என்றாள் மாடத்தி. “மறைக்கத்தான் முடியாது. எனக்கும் முடியாது.”

அந்தக் கடைசி வார்த்தையை அவள் தலையை நிமிர்த்திச் சொன்னாள். தன்னை நம்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவ்வளவு பெருமையோடு நின்ற ஒருத்தியை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கீறல் விழாத இன்னொரு டப்பாவை முப்பிடாதி உள்ளே எடுத்துப் போனாள். மாடத்தி வெளியே சுவரோரம் நின்று காதைக் கொடுத்தாள். ஒவ்வொரு டப்பாவின் முதல் ‘டக்’கையும் அவள்தான் கேட்டு வந்தாள். இனி அது அவளுக்கு இல்லை. அது மட்டும் கொஞ்சம் வலித்தது.

உள்ளே ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். வால் கிழிகிறது. பிறகு சத்தமில்லை, முப்பிடாதி உருட்டுகிறாள், விழுங்குகிறாள். குழந்தை சிணுங்கியது. பிறகு, தெளிவாக, பிசிறில்லாமல்: டக்.

“மதினி, கேட்டிச்சா?” என்றாள் மாடத்தி.

“கேட்டிச்சு, கேட்டிச்சு. கண்ணத் தொடை” என்றாள் உலகம்மை. “நாளைக்கு இன்னும் ரெண்டு வீட்டுக்கு வேணும்.”

அதற்குப் பிறகு யாரும் காக்கையை அழைத்துச் சாட்சி கேட்கவில்லை, எலியைக் கூட்டி வைத்து விசாரிக்கவில்லை. டப்பாவின் வாலைப் பார்த்தால் போதும். கேட்க ஆளில்லாத பேச்சு எத்தனை நாள் நாக்கில் தங்கும்? காக்கையின் பேச்சு ‘கா’ என்று தேய்ந்தது, எலியின் பேச்சு ‘கீச்’ என்று தேய்ந்தது. பல்லிக்கு மட்டும் ‘ச்சு’ என்று ஒரு சொல் மிஞ்சியது. உண்மையைச் சொன்ன வாய் என்பதால், ஒரு பேச்சுக்கு நடுவே அது ‘ச்சு’ என்றால் வீட்டில் இருப்பவர்கள் இன்றைக்கும், “பாத்தியா, பல்லி சொல்லுது” என்று அதை நம்புகிறார்கள்.

பல்லிக்கு மறுபடி வால் முளைத்தது. வால் கிழிந்த டப்பாவுக்கு மறுபடி முளைக்கவில்லை. முளைக்காமல் பார்த்துக்கொண்டவள் மாடத்தி.

அன்று தொட்டுத்தான் பல்லியின் வாலில் கை வைத்தால் கழன்று வருகிறது. அன்று தொட்டுத்தான் கடையில் வாங்கிய டப்பாவின் வால் அறுபடாமல் இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்துவிட்டு, நம் கையால் கிழித்து, தின்றது போக மிச்சத்தை ‘டக்’கென்று மூடி வைக்கிறோம்.