பாணி ஒட்டிய கதவு

புளியங்கேணி ஆட்கள் மூன்று பேர் கனடாவுக்குப் புறப்பட்ட நாளில், பெட்டிகளில் பாரம் கூடிவிட்டது என்று விமான நிலையத்தில் நிறுத்திவிட்டார்களாம். மிளகாய்த்தூளை எடுத்து வெளியே வைக்க மனம் வரவில்லை. ஊறுகாயை விடவும் மனம் வரவில்லை. கடைசியில் புத்தியை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள்.

மூவரும் ஸ்காபரோவில் ஒரே தெருவில் குடியிருந்தார்கள். மூத்தவர் தணிகாசலம். அடுத்தவர் அருளையாவுக்கு ஆங்கிலம் தெரியும். குள்ளமான குஞ்சிதபாதத்துக்குச் சொன்னதைச் செய்யத் தெரியும்.

அந்த மார்ச் மாதம் தணிகாசலத்துக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய ஒரே மகள் நிரோஜி மொன்றியல் பையன் ஒருவனை விரும்பினாள். பையனின் அப்பா சோதிநாதர் லேசில் படிகிற ஆளில்லை. தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"மார்ச் மாதமெண்டால் எங்களுக்கு மேப்பிள் பாணிதான். ஞாயிற்றுக்கிழமை வாறன். கடையில வாங்கினது வேண்டாம். உங்கட கையால காய்ச்சினதை ஒரு வாய் தாங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

பிள்ளை இதுவரை எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. இதையாவது செய்து கொடுக்காவிட்டால் நான் என்ன அப்பன் என்று தணிகாசலம் கண்கலங்கினார். மற்ற இருவரும் துணைக்குக் கண்கலங்கினார்கள். பிறகு மூவரும் காரில் ஏறி, ஊருக்கு வெளியே காட்டோரம் மேப்பிள் மரநீரைப் பாகாகக் காய்ச்சும் பாணிக் கொட்டிலுக்குப் போனார்கள்.

கொட்டிலின் கூரையிலிருந்து ஆவி பொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பெரிய தட்டுகளில் மரநீர் கொதித்தது. ஊரே திரண்டு வந்து தின்றுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தது. கொட்டில்காரி மார்கரெட் ஒரு துளைக்கருவியையும் வாளியையும் கொடுத்தாள்.

"மரம் பருத்திருக்க வேண்டும். கட்டிப்பிடித்துப் பாருங்கள். கையும் கையும் தொடாவிட்டால் துளை போடலாம்" என்றாள். அருளையா ஒரு சொல் சிந்தாமல் தமிழில் சொன்னார்.

தணிகாசலம் நெட்டையர். எந்த மரத்தைக் கட்டிப்பிடித்தாலும் விரலோடு விரல் முட்டியது.

"அண்ணை, மரத்தில பிழையில்லை. உங்கட கைதான் நீண்டு போச்சு" என்றார் அருளையா.

"கையைக் குறைக்கேலுமே?"

"ஆளை மாத்தலாம்."

குஞ்சிதபாதம் கட்டிப்பிடித்தார். அவருக்கு வாய்த்த பருத்த மரமெல்லாம் முழங்கால் புதையும் பனிக்குள் நின்றது. காரிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது? மூவரும் நெற்றியைச் சுருக்கி யோசித்தார்கள்.

"கையும் கையும் தொடக்கூடாது, அவ்வளவுதானே சொன்னவ?" என்றார் அருளையா. "குஞ்சு, ஒரு கையைச் சட்டைப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு கட்டிப்பிடியும்."

அப்படிப் பிடித்ததும் காட்டில் இருந்த எல்லா மரமும் பருத்துவிட்டது. காருக்குப் பக்கத்தில் நின்றதையே தேர்ந்தெடுத்து, துளை போட்டு, வாளியைத் தொங்கவிட்டு, மரியாதையாக எதிரே நின்றார்கள். மத்தியானம் வரை நின்றார்கள். மார்கரெட் வந்து பார்த்தாள்.

"இது என் வேலிக் கட்டை" என்றாள்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் தணிகாசலம். "புது ஆக்களைக் கண்டு கூச்சப்படுது போல."

அருளையா அதையும் ஆங்கிலத்தில் சொன்னதும் மார்கரெட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபின் இரக்கம் வந்துவிட்டது. கொதிக்கும் பாணியைப் பனியில் கோடாக ஊற்றி, இறுகியதும் குச்சியில் சுருட்டி ஆளுக்கொன்று கொடுத்தாள். மூவரும் வாயில் வைத்தார்கள். பேச்சே எழவில்லை, பல் ஒட்டிக்கொண்டது. ஆனாலும் பிறந்த நாள் முதல் இப்படி ஒரு சந்தோஷத்தை அவர்கள் கண்டதில்லை.

கிளம்பும்போது மார்கரெட் தன் மரத்து நீரைப் பிளாஸ்டிக் கான்களில் நிரப்பிக் கொடுத்தாள். "நாற்பது பானை காய்ச்சினால் ஒரு பானை பாணி வரும். ஒரு சொட்டையும் வெளியே விடாதீர்கள். பானையிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். பனியில் ஊற்றுவதானால் சுத்தமான பனியாக இருக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தணிகாசலத்தின் மனைவி பூரணம் தோசை சுட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் வேலையாக வெளியே பனியை ஒரு பேசின் நிறைய அள்ளி வந்தார்கள்.

"சுத்தமோ?" என்று கேட்டார் தணிகாசலம்.

"தெருவில கிடந்தது எப்படிச் சுத்தமாகும்? கழுவித்தான் எடுக்கவேணும்" என்றார் அருளையா.

அரிசி களைகிற மாதிரி வெந்நீர் விட்டு அலசினார்கள். தண்ணீரை வடித்துப் பார்த்தால் பேசின் காலி. திரும்ப அள்ளி வந்து இன்னும் கவனமாகக் கழுவினார்கள். திரும்பவும் காலி.

தணிகாசலம் குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச ஆரோ களவெடுக்கிறான்."

"அவ்வளவும் ஊத்தைதான் அண்ணை" என்றார் அருளையா. "கழுவினவுடன போயிட்டுது பாருங்கோ. நல்லகாலம், சம்மந்தியின்ர வாயில வைக்கேல்லை."

சம்பந்தியின் வயிறு தப்பியதே என்று மூவரும் பெருமூச்சு விட்டார்கள்.

அடுத்து பாணி. ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாதே! யன்னல்களை அடைத்தார்கள். சமையலறையின் பின்கதவைச் சாத்திப் பூட்டித் திறப்பைப் பத்திரமாகச் சுவரிலிருந்த சாவிக் கொளுவியில் மாட்டினார்கள். அடுப்பில் பெரிய பானையை ஏற்றி, குஞ்சிதபாதத்தைக் கதிரையில் இருத்தி, "பானையில இருந்து கண்ணை எடுக்காதையும்" என்று தணிகாசலம் கையைப் பிடித்துச் சொன்னார். "என்ர பிள்ளையின்ர வாழ்க்கை உம்மட கண்ணில கிடக்கு."

நீர் குறையக் குறைய ஊற்றினார்கள். பானை பொங்கிச் சீறியது, நாலாபக்கமும் தெறித்தது. ஆவியில் ஆளை ஆள் தெரியவில்லை. கடைசிக் கானையும் ஊற்றிவிட்டு இருவரும் வேட்டி மாற்றப் போனார்கள். வேட்டி கட்டி, எந்தப் பக்கம் கரை வரவேண்டும் என்று வாதாடி முடித்துத் திரும்பி வந்தபோது பானைக்குள் ஒன்றுமே இல்லை. அடி மட்டும் கருகிப்போய்க் கிடந்தது.

"குஞ்சு! பாணி எங்கை?"

"பாணியை ஆர் பாக்கச் சொன்னது?" தலையைத் திருப்பாமலே கேட்டார் குஞ்சிதபாதம். "பானையைப் பாக்கச் சொன்னியள். பானை இஞ்சதானே கிடக்கு!"

தணிகாசலம் தரையில் குந்திவிட்டார். பிள்ளையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. துக்கம் தாளாமல் பின்கதவில் கன்னத்தைச் சாய்த்தார். கன்னம் ஒட்டிக்கொண்டது. பிய்த்தெடுத்து, மெல்ல நாக்கை நீட்டிக் கதவை நக்கிப் பார்த்தார்.

"அருளையா! பாணி வீட்டை விட்டு ஒரு இடமும் போகேல்லை!"

அந்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

சோதிநாதர் மகனோடு வந்து, சிரிப்பில்லாத முகத்தோடு சமையலறை வாசலில் நின்றார். மகனுக்குப் பின்னால் நிரோஜி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். தணிகாசலம் ஒரு தோசையை நீட்டினார்.

"சம்மந்தி, பாணி கதவில கிடக்கு. துடைச்சுச் சாப்பிடுங்கோ."

சோதிநாதர் தோசையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். நெடுநேரம் யோசித்துவிட்டுத் தோசையைக் கதவில் மேலிருந்து கீழாக இழுத்து வாயில் போட்டார். கண்ணை மூடி மென்றார்.

"நாங்கள் மடையர் மாதிரி இவ்வளவு காலமும் கோப்பையில ஊத்தித் திண்டிருக்கிறம்" என்றார். "கழுவுற வேலையும் மிச்சம். இப்படி ஒரு குடும்பத்தை விட்டிட்டு நான் வேற எங்கை பெண் எடுக்கிறது?"

நிரோஜி துள்ளிக் குதித்தாள். தணிகாசலம் சம்பந்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். கையும் கையும் தொடவில்லை, நல்ல பருத்த சம்பந்தி. குஞ்சிதபாதமும் அழுதார், பானையைப் பார்த்தபடியே.

புறப்படும்போது சோதிநாதர் மெல்லக் கனைத்தார். "என்ர வீட்டுக்காரியும் ஒரு வாய் பாத்தாவெண்டால் சந்தோஷப்படுவா."

பெண் வீட்டார் இல்லையென்று சொல்லலாமா? பின்கதவைக் கழற்றிக் காரின் மேல் கயிறு போட்டுக் கட்டி அனுப்பிவைத்தார்கள். வேலை முடிந்து வந்த பூரணம், மார்ச் மாதக் குளிர் காற்று சமையலறைக்குள் சுற்றுவதைக் கண்டு வாயைத் திறந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"வந்து சேர்ந்திட்டம் சம்மந்தி" என்றார் சோதிநாதர். "கதவை முற்றத்தில நிமித்தி வைச்சிருக்கிறம். வீட்டுக்காரி தோசையோட நிக்கிறா. ஆனால் கதவு பூட்டிக் கிடக்கு, திறப்பைத் தர மறந்திட்டியள்!"

தணிகாசலம் பதறிப்போய் அருளையாவைப் பார்த்தார். திறப்பு கொளுவியிலேயே தொங்கியது. அருளையா ஆழ்ந்து யோசித்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

"சம்மந்தி, பயப்படாதேங்கோ" என்றார் தணிகாசலம். "தட்டிப் பாருங்கோ. உள்ள ஆராவது இருப்பினம்."

மொன்றியலில் கதவு தட்டும் சத்தம் தொலைபேசியில் நன்றாகக் கேட்டது. யார் வந்து திறக்கிறார்கள் என்று ஸ்காபரோவில் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.