ராசா பெட்டியில பவளக் காளான்

ஒரு காட்டோரத்து ஊர்ல ரங்கின்னு ஒருத்தி இருந்தாளாம். மழை விட்டா போதும், கூடையைத் தூக்கிக்கிட்டு காளான் பறிக்கக் கிளம்பிடுவா. எது குழம்புக்கு ஆகும், எது வயித்தைக் கலக்கும்னு பார்த்ததுமே சொல்லிப்புடுவா. அவ ஊர்ல ஒரு வழக்கம் கேட்டுக்கோங்க: முதல்ல கண்ணுல படற கொத்தைப் பறிக்க மாட்டாங்க, கும்பிட்டுட்டு விட்டுடுவாங்க. அது காட்டோட பங்கு.

அன்னைக்கு முதல்ல பட்டது பவளக் காளான். சருகுக்கு நடுவுல செக்கச்செவேல்னு கொப்பும் கிளையுமா நிக்குது. ரங்கி கும்பிட்டுட்டு நகர்ந்தாளா, அதை அந்த வழியா வந்த மந்திரி ஏகாம்பரம் பார்த்துட்டான்.

"ஏய், பவளத்தை ஏன் விட்டுட்டுப் போற? ஒளிச்சு வைக்கிறியா?"

"காளானுங்க சாமி. கிள்ளிப் பாருங்க, மெத்துனு இருக்கும்."

"அது பிஞ்சுப் பவளம்! மூணு நாள்ல முத்திடும்!"

"மோந்து பாருங்க சாமி, மண்வாசம் அடிக்கும்."

"மண்ணுல விளைஞ்சது மல்லிகை வாசமா அடிக்கும்?"

"ஈ மொய்க்குதே சாமி!"

"ஈக்குத் தெரியுது, உனக்குத் தெரியல!"

அப்புறம் கொத்தைப் பிடுங்கிக்கிட்டு ராசாகிட்ட ஓடினான். ராசாவும் லேசுப்பட்டவரா? "காடு பூரா பவளம் விளையுதா? காட்டைச் சுத்தி வேலி போடு, ஊரைக் காலி பண்ணு"ன்னுட்டாரு. ஊரே அழுதுச்சு. ரங்கி நேரா அரண்மனைக்கே போயிட்டா.

"ராசாவே, மூணு நாள்ல முத்தும்னு மந்திரி சொல்றாரு. உங்க பட்டுத் தலைப்பாகைப் பெட்டியில பத்திரமா வச்சுப் பூட்டுங்க. முத்தினா நாங்களே போயிடறோம். அதுவரைக்கும் வேலி வேண்டாம்."

"சரி"ன்னாரு ராசா.

முதல் நாள், "முத்துச்சா?"ன்னாரு. "முத்துது ராசாவே"ன்னான் மந்திரி. ரெண்டாம் நாள், "என்னய்யா நாத்தம்?"னாரு. "பவளம் வேர்க்குது ராசாவே"ன்னான். மூணாம் நாள் பெட்டியைத் திறந்தா, யம்மாடி! காளான் கூழாப் போயி, தலைப்பாகை பூரா புழு நெளியுது! அரண்மனையே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுச்சு. ரங்கிக்குச் சந்தோஷம் தாங்கல, ராசா முன்னாடியே கைதட்டிச் சிரிச்சுட்டா. ராசாவுக்கும் சிரிப்பு வந்துருச்சு.

"வேலியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மழைக்காலம் முடியறவரைக்கும் மந்திரி ரங்கியோட கூடையைச் சுமக்கட்டும்"னாரு.

மறுநாள் காட்டுல முதல் கொத்து கண்ணுல பட்டுச்சு. அதுவும் சிவப்பு. ரங்கி வாயைத் திறக்கறதுக்குள்ள கூடையை இறக்கி வச்சுட்டு, மந்திரி நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டான். "காளான் சாமி, சத்தியமா நீ காளான்தான்!"

காளான் அழுகிப்போச்சு, காடு பொழைச்சுப்போச்சு, கதையும் முடிஞ்சுபோச்சு. தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கேளுங்க கண்ணுங்களா, கூடை சுமக்க வேண்டியிருக்காது.