நாற்பத்தேழும் பன்னிரண்டும்

குன்னூரில் பாதி நாள் மேகம் தரையில்தான் நடக்கும். கோகிலவாணியின் துப்பாக்கிப் பழுதுபார்க்கும் கடைக்குள் கேட்காமல் கொள்ளாமல் நுழைந்து, மேசைமேல் கொஞ்ச நேரம் தங்கி, பின்வாசல் வழியாகப் போய்விடும். உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத் தாம் விழித்திருக்கிறோமா, கனாக் காண்கிறோமா என்று சில நேரம் சந்தேகமே வந்துவிடும்.

அந்தக் கடையில் குருவுக்கு வயது நாற்பத்தொன்று. சிஷ்யருக்கு அறுபத்தொன்று. சிரிக்க வேண்டாம், அப்படி அமைந்துவிட்டது. சிஷ்யர் நாச்சிமுத்து முப்பது வருஷம் போலீஸ் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைத் துடைத்து, எண்ணி, அடுக்கியவர். ஓய்வு பெற்றபின் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் படிக்க ஆசைப்பட்டுக் கோகிலவாணியிடம் வந்து சேர்ந்தார். அவரை அம்மிணி என்று கூப்பிடுவார். அவர் இவரை அண்ணா என்பார்.

கூர்க்கிலிருந்து ஒரு குடும்பம் ஒரு துப்பாக்கியை அனுப்பியிருந்தது. வருஷத்துக்கொரு நாள் வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து, பூ வைத்துக் கும்பிடுவது அவர்கள் வழக்கம். போன வருஷம் செங்காந்தள் பூவைச் செருகப் போனபோது, பாட்டனார் காலத்துத் துப்பாக்கி துருவேறி இறுகிக் கிடந்ததாம். இது என்ன துப்பாக்கி என்று பார்த்துச் சொல்லுங்கள், அடுத்த பூவுக்குள் சரிசெய்து கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

நாச்சிமுத்து ஒன்பது நாள் எண்ணெயில் ஊறவைத்தார். மெல்லிய எஃகுப் பஞ்சால் தேய்க்கத் தேய்க்க, துருவுக்கு அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குளத்து மீன் போல மேலே வந்தன. கிரீடம் வைத்த குட்டி முத்திரைகள். தாழின் முன்முனையில் கவ்விப் பூட்டும் இரண்டு இரும்பு முண்டு, பின்னால் காவலுக்கு ஒன்று. முதல் உலகப் போருக்கு முன் பிறந்த அசல் ஜெர்மன் மவுசர் என்று தெரிந்ததும் மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஆனால் எண் உதைத்தது. கூட்டில், அதாவது ரிசீவரில், எண் நாற்பத்தேழில் முடிந்தது. அதற்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும் தாழான போல்ட்டின் கைப்பிடியில் பன்னிரண்டு. எப்போதோ, எங்கேயோ, யாரோ வேறு துப்பாக்கியின் போல்ட்டை இதில் போட்டிருக்கிறார்கள். கிடங்கில் இப்படி எண் மாறினால் அன்றைக்கே மெமோ வரும். முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? பன்னிரண்டை ராவி எடுத்துவிட்டு நாற்பத்தேழை அடித்துவிடலாம் என்று போல்ட்டை இடுக்கியில் மாட்டி, அரத்தையும் கையில் எடுத்துவிட்டார்.

அன்று அவர் சட்டைப் பையில் இன்னொரு விஷயமும் இருந்தது. மகள் தாரணியின் கல்யாணப் பத்திரிகை, பிழை திருத்த அச்சகம் கொடுத்த தாள். தாரணி அவர் பெற்ற பெண் இல்லை. பெற்ற அப்பா வேலுச்சாமி பஸ் விபத்தில் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்கு மூன்று வயது. இரண்டு வருஷம் கழித்து அவள் அம்மாவை நாச்சிமுத்து கட்டிக்கொண்டார். சைக்கிள் பழக்கினதும், மஞ்சள்காமாலைக்கு இருபது நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்கினதும் அவர்தான். ஆனாலும் ரேஷன் கார்டிலிருந்து காலேஜ் வரைக்கும் அவள் வே. தாரணி. பத்திரிகையிலும் அமரர் வேலுச்சாமியின் மகள் என்றுதான் அச்சாகியிருந்தது. காலையில் சிவப்புப் பேனாவால் அந்தப் பெயரை அடித்து, 'வே'யை 'நா'வாக மாற்றினார். பெண்ணிடம் காட்டியதற்கு, உங்க இஷ்டம்ப்பா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் தாளை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

கோகிலவாணி அரத்தைப் பார்த்தார், திட்டவில்லை. என்னங்கண்ணா பண்றீங்க என்று மட்டும் கேட்டார்.

"எண்ணை ஒண்ணாக்கிடலாமுங்க அம்மிணி. வேத்து எண்ணு உள்ளே இருந்தா அசல்னு எப்படிங்க சொல்றது?"

கோகிலவாணி இழுப்பறையைத் திறந்து, அதே வகை மவுசர் போல்ட் இன்னொன்றை எடுத்தார். கைப்பிடியில் எண்ணே இல்லை. சாக்பீஸை நீட்டி, நாற்பத்தேழு என்று எழுதச் சொன்னார். நாச்சிமுத்து எழுதினார்.

பிறகு ஒரு தகரத்தில் கற்பூரம் ஏற்றினார் கோகிலவாணி. அந்தப் புகையில் போல்ட்டின் இரண்டு முண்டுகளையும் காட்டிக் கரி படிய வைத்தார். கற்பூர வாசனையும் மேகமும் கலந்து, கடை கொஞ்ச நேரம் கோயிலா பட்டறையா என்றே தெரியவில்லை. போல்ட்டைக் கூட்டுக்குள் தள்ளி, இழுத்துப் பூட்டிப் பார்க்கச் சொன்னார். கைப்பிடி முக்கால்வாசிதான் இறங்கியது. வெளியே எடுத்தபோது ஒரு முண்டில் மட்டும் கரி கொஞ்சம் அழிந்திருந்தது. இன்னொன்று கூட்டைத் தொடவே இல்லை.

"எண்ணு ஒண்ணாத்தானுங்களே இருக்குது?" என்றார் கோகிலவாணி.

நாச்சிமுத்து இடுக்கியிலிருந்து பன்னிரண்டைக் கழற்றி, அதற்கும் கரி பிடித்து, உள்ளே விட்டார். வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. டிக்கென்று சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான். வெளியே எடுத்துப் பார்த்தால் இரண்டு முண்டிலும் ஒரே அளவுக்குக் கரி போயிருந்தது. அழிந்த இடத்தில் இரும்பு கண்ணாடியாகப் பளபளத்தது. எத்தனை ஆயிரம் முறை அந்தக் கூட்டோடு உரசி உரசி அப்படி ஆகியிருக்குமோ!

கூர்க்குக்காரர்களுக்கு என்னவென்று எழுதுவது என்று நாச்சிமுத்து கேட்டார். உள்ளபடி எழுதுங்க, கூடு நாற்பத்தேழு, போல்ட் பன்னிரண்டு, நல்லாப் பூட்டுது என்று சொல்லிவிட்டு, கோகிலவாணி கற்பூரத் தகரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

நாச்சிமுத்து அரத்தை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். சிவப்புக் கோடும், கோட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்ட பெயரும் அப்படியே தெரிந்தன. தாரணியின் கதை கோகிலவாணிக்குத் தெரியும். தாளை வாங்கிப் படித்தார்.

"அந்தாளு பேரை இருக்க விட்டா, நான் எங்கீங்க அம்மிணி இருக்கேன்?" நாச்சிமுத்து தாளின் மடிப்பை நகத்தால் நீவினார். "இருபது வருசமுங்க."

கோகிலவாணி போல்ட்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய விரலைப் பிடித்து முதலில் கைப்பிடியில் இருந்த பன்னிரண்டின்மேல் வைத்தார். பிறகு முன்னால் கொண்டுபோய், பளபளத்த முண்டின்மேல் வைத்தார்.

"தேஞ்ச எடத்துல யாரும் எண்ணு அடிக்கறதில்லீங்கண்ணா."

மேகம் உள்ளே வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. நாச்சிமுத்து அந்த முண்டைத் தடவினார், ஓரத்துக் கரி விரலில் ஒட்டியது. பிறகு பேனாவைத் திறந்து, தான் அடித்த பெயருக்கு மேலேயே, கிடங்குப் பதிவேட்டில் எழுதுகிற அதே திருத்தமான கையெழுத்தில், வேலுச்சாமி என்று எழுதினார், 'நா'வை மறுபடி 'வே' ஆக்கினார். தாளில் கரி ரேகை பதிந்துவிட்டது. அதைத் துடைக்கவில்லை.