தண்ணீரில் ஏழு நிழல்

பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், யார் எந்தக் குலம் என்று சொல்வது கம்மாய்க்கரை மடையான் கொக்கின் வேலை. ஒவ்வொரு பறவையும் தண்ணீர் ஓரம் குனிந்து நிற்க வேண்டும். தண்ணீரில் விழும் நிழலைப் பார்த்து, நீ இன்ன குலம், உனக்கு இன்ன இடம் என்று மடையான் சொல்லிவிடும். அதற்கு மேல் பேச்சில்லை.

தவிட்டு நிறத்தில் ஒருத்தி இருந்தாள், நாச்சி என்று பெயர். அவள் போய் நின்ற அன்றைக்கு நல்ல காற்று. தண்ணீர் நெளிந்ததில் நிழல் சுருங்கித் தெரிந்தது. மடையானுக்கோ பசி. குருவிதான், போய்க் கூரை இடுக்கில் இரு என்று சொல்லிவிட்டு மீன் பார்க்கப் போய்விட்டது.

கூரை இடுக்கில் நாச்சிக்குத் தலை நுழைந்தால் வால் வெளியே நிற்கும். சிட்டுக்குருவிகள் கேலி செய்து சிரித்தன. ஐப்பசி மழை மூட்டம் போட்டதும் அந்தச் சிரிப்பும் நின்றுபோனது.

"ஆத்தா, நீ ஒருத்தி உள்ள வந்தா எங்க பிள்ளைங்க நாலு வெளிய நனையணும். நீயே சொல்லு" என்றது மூத்த சிட்டு.

அதைத் தப்பென்று சொல்ல முடியுமா? நாச்சி இறங்கிவிட்டாள். அந்த மழையில் தனியாகக் கிடந்தால் பிழைக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரியும். நேரே மடையானிடம் போய், இன்னொரு தடவை பாருங்கண்ணே என்று நின்றாள்.

சொன்னதை மாற்றினால் கரையில் எவன் மதிப்பான் என்று மடையான் முணுமுணுத்தது. ஆனாலும் குனியச் சொன்னது, அசையாதே என்றது. பயத்தில் அவளால் அப்படி நிற்க முடியவில்லை. கத்திவிட்டாள். அந்தக் குரல் கேட்டு மைனாக் கூட்டத்திலிருந்து ஒருத்தி தத்தி வந்தாள். புறாக்களிடமிருந்து ஒருத்தி, காடைகளுக்குள்ளிருந்து இரண்டு பேர், இப்படி ஆறு பேர். எல்லாரும் காற்று நாளில் மடையான் பார்த்து, இடம் மாறிப் போனவர்கள். யாரடி நம்ம குரலில் அழுகிறது என்று அவளை இடித்துக்கொண்டு குனிந்தார்கள்.

மழைக்கு முன்னால் காற்று சற்று ஓய்ந்தது. தண்ணீரில் ஏழு நிழல். அதே மஞ்சள் அலகு, அதே வெளிறிய கண், அதே தொங்கல் வால்.

மடையான் ஏழு நிழலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. பிறகு சொன்னது: "நீங்க குருவியும் இல்ல, மைனாவும் இல்லம்மா. கூடிக் கூடிக் கத்தற சிலம்பன் குலம். நான்தான் சரியாப் பாக்கல. ஆனா மரமெல்லாம் பிரிச்சுக் கொடுத்தாச்சே, எங்க போவீங்க?"

நாச்சி பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். "வேலியில ஒரு கிளை போதும்ணே. நடுவுல இருக்கறவ நனைய மாட்டா. மாத்தி மாத்தி நடுவுல இருந்துக்குறோம்."

மழை கொட்டியது. ஏழு பேரும் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்து அதைக் கடந்தார்கள். குருவி என்ற பெயரை மட்டும் மடையானால் திரும்ப வாங்க முடியவில்லை, அது தவிட்டுக்குருவி என்று ஊர் வாயில் ஏறிவிட்டது.

படித்தவர்கள் இப்போதும் ஏட்டில் அதன் குலத்தை மாற்றி எழுதியிருக்கிறார்களாம். எழுதட்டும். தவிட்டுக்குருவி ஒற்றையாய் நிற்பதை விட்டது அன்றிலிருந்துதான். கொல்லையில் ஒன்றைப் படம் பிடிக்கக் கேமராவைத் தூக்கினால், கொஞ்சம் பொறுங்கள், மற்றவர்களும் வந்துவிடுவார்கள்.