கோழியைக் கேட்டு வாங்கிய தீவனம்

முன்னொரு காலத்தில், எந்த ஊர், எந்த நாடு என்று நீங்கள் கேட்காமல் இருந்தால் சொல்கிறேன், ஒரு ராஜா இருந்தார். மற்ற ராஜாக்களுக்கு யானை மேல் ஆசை, குதிரை மேல் ஆசை. இவருக்குக் கோழி மேல் ஆசை. அரண்மனைக்குப் பின்னால் பெரிய கூடு கட்டி, மயிலாள் என்ற கொண்டைக் கோழியை அதற்குத் தலைவியாக வைத்து, விடிந்ததும் முதலில் அதன் முகத்தில்தான் விழிப்பார். ராணிக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மழைக்காலம் நெருங்கியது. கோழிகளுக்குத் தீவனம் வாங்கிச் சேர்க்க வேண்டும். பண்டகசாலை அதிகாரி தாண்டவராயர் தம் மைத்துனனின் மண்டியிலிருந்து வண்டி வண்டியாக மூட்டைகளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். கம்பும் சோளக் குருணையும் தவிடும் கலந்த சரக்கு, நேற்று அரைத்தது, வாசனையே சொல்லும் என்று சபையில் அளந்து விட்டார்.

விகடகவி பேச்சிமுத்து அங்கேதான் இருந்தான். சாப்பாட்டு விஷயத்தில் அவன் மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது. அவிழ்த்து வைத்த மூட்டையின் மேல்சரக்கு நன்றாகத்தான் இருந்தது. முழங்கை வரை கையை உள்ளே விட்டான். அடியில் கதகதவென்று இருந்தது. ஒரு பிடி எடுத்தால் உதிராமல் கொழுக்கட்டை மாதிரி கட்டியாக வந்தது. முகர்ந்தான், நனைந்த சாக்கு நாற்றம். அடிச்சரக்கு பூசணம் பிடித்தது, வாங்க வேண்டாம் என்று ராஜாவிடம் சொல்லிவிட்டான்.

தாண்டவராயருக்கு வயிறு எரிந்தது. ராஜா மதியச் சாப்பாட்டுக்கு விகடகவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வது அவருக்கு வெகுநாள் குடைச்சல். இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"அரசே, தின்னப்போவது கோழி. அதன் ருசி பேச்சிமுத்துவுக்கு எப்படித் தெரியும்?"

ராஜாவுக்கு இந்தக் கேள்வி பிடித்துவிட்டது. அவருக்கு ஒன்று பிடித்துவிட்டால் அவ்வளவுதான், மாற்ற முடியாது.

"நியாயம்தான். பேச்சிமுத்து, நாளை சபையில் கோழியைக் கேட்டுச் சொல். கோழி சொன்னால்தான் நம்புவேன்."

தாண்டவராயர் அதோடு விடவில்லை. கோழி தன் வாயால், எல்லோர் காதிலும் விழும்படி, தமிழில் சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் சரக்கைப் பழித்தவன் மழைக்காலம் முழுவதும் கோழிக்கூட்டில் கிடந்து அதே தீவனத்தைத் தின்ன வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார். ராஜா சரி என்று தலையாட்டிவிட்டார்.

நெய்ச்சோறு தின்ற நாக்குக்குத் தவிடா என்று நினைத்தாலே பேச்சிமுத்துவுக்கு அழுகை வந்தது. சாயங்காலம் கோழிக்கூட்டின் முன்னால் போய் உட்கார்ந்தான். மயிலாள் தரையைக் கிளறிக் கொத்துவதும், பிடிக்காதது வாயில் பட்டால் கழுத்தை நீட்டிக் கத்துவதுமாக இருந்தது. கேட்கக் கேட்க அவன் முகம் மலர்ந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினான்.

மறுநாள் சபையில் நிற்க இடமில்லை. பேச்சிமுத்து மயிலாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். தாண்டவராயர் முந்திக்கொண்டு மேல்சரக்கைத் தட்டில் அள்ளி வைத்தார். கோழிக்குத் தட்டில் தின்று பழக்கமில்லை, கிளறித்தான் தின்னும் என்று சொல்லி, பேச்சிமுத்து மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தான். அடிச்சரக்கு கட்டி கட்டியாக மேலே வந்து விழுந்தது.

மயிலாள் ஆசையாக ஓடியது. காலால் ஒரு கிளறு, அலகால் ஒரு கொத்து. உடனே தலையைச் சிலுப்பி, அலகைத் தரையில் துடைத்து, கழுத்தை நீட்டியது.

"கெட்… கெட்… கெட்ட்டே…"

"கேட்டாயிற்று அரசே," என்றான் பேச்சிமுத்து. "கெட்டது, கெட்டது, கெட்டே போனது என்கிறது. சுத்தத் தமிழ்."

சபை கொல்லென்று சிரித்தது. கோழிக்கு இந்த ஒரு சொல்தான் தெரியும், எதைப் போட்டாலும் இதைத்தான் கத்தும் என்று தாண்டவராயர் குதித்தார். பேச்சிமுத்து துண்டு முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி புதுக் கம்பைத் தூவினான். மயிலாள் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

"நல்லதைப் போட்டால் அதற்குப் பேச நேரம் ஏது, ஐயா? நம்பிக்கை இல்லாவிட்டால் தாங்களே ஒரு வாய் போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்."

அதுவும் நியாயம்தான் என்றார் ராஜா. அவர் சொன்ன பிறகு மறுக்க முடியுமா? தாண்டவராயர் கட்டியில் ஒன்றை உடைத்து வாயில் போட்டு மென்றார். கண் பிதுங்கியது. பூசணத் தூள் தொண்டையில் ஏறிவிட்டது.

"கெக்… கெக்… கெக்…"

"இரண்டாவது சாட்சியும் அதையேதான் சொல்கிறது அரசே. உச்சரிப்புதான் கொஞ்சம் போதாது."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. வண்டிகள் வந்த வழியே மண்டிக்குத் திரும்பின. மழைக்காலம் முழுவதும் கூட்டைப் பெருக்கும் வேலை தாண்டவராயருக்குப் போயிற்று. பேச்சிமுத்துவுக்குக் கழுத்து முத்துமாலையைக் கொடுத்த ராஜா, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். மயிலாள் இடும் முட்டையும் அதற்குத் தோதாக நெய்ச்சோறும் போதும் என்றான் அவன். கடைசி வரை அது தவறாமல் கிடைத்தது.

அந்த நாட்டுச் சந்தையில் எவனாவது தன் சரக்கை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால், வாங்க வந்தவர்கள் இன்றைக்கும் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்களாம்: "அதெல்லாம் இருக்கட்டும், கோழியைக் கேட்டாச்சா?"