வெள்ளை நாடா

பட்டாளத்தில் பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்பார்கள். சுபேதார் ஏகாம்பரம் கண்ணிவெடி எடுக்கும் வேலைக்கு ஆட்களைத் தயார் செய்தவர். ஓய்வு பெற்று முப்பது வருடமாகிவிட்டது. இருந்தும் குடியாத்தம் பக்கத்துப் பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு அவர் இன்னும் உஸ்தாத்தான்.

அவர் சொல்லிக்கொடுத்த வேலை இதுதான். இரும்புக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வெடி இல்லாத இடத்துக்கு இரண்டு பக்கமும் முளை நட்டு வெள்ளை நாடா கட்ட வேண்டும். கட்டி முடித்ததும், கட்டினவனே அதில் முதலில் நடக்க வேண்டும்.

வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடுவார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, செத்துப்போன கூட்டாளி ஒருவரைப் பற்றி வரிசையாகப் பேசுவார்கள். அந்த வருடம் எத்திராஜ். அவர் கண்ணிவெடியில் போய் நாற்பத்தொரு வருடம். அவர் மனைவி சுலோசனா முதல் தடவையாக வந்திருந்தார்.

கன்னியப்பன் ஆரம்பித்தார்.

"எத்திராஜுக்கு மெஸ் சப்பாத்தின்னா ஆகாது. 'இன்னாபா, பூட்ஸுக்கு அடியில வெச்சுத் தைக்கிறதைத் தட்டுல போட்டிருக்கே'ன்னு சமையக்காரன்கிட்டயே கேட்டுட்டான். அப்புறம் ஒரு வாரம் அவனுக்கு மட்டும் கருகினதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். சுலோசனாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு மூணு வாட்டி இழுத்துப் பாக்கிற மனுஷன் அவரு. நாடாவைத் தாண்டி எப்படிக் கால் வெச்சாரு? பட்டாளத்துலேருந்து வந்த கடுதாசியில அப்படித்தான் போட்டிருந்தது. பராக்குப் பாத்து செத்தவன் பொண்டாட்டின்னுதான் ஊர்ல எனக்குப் பேரு. எங்க மாமியார் சாகிற வரைக்கும் அதைச் சொல்லித்தான் திட்டினாங்க."



"அன்னிக்கு அவன்கூட இருந்தது தசரதன்தாம்மா," என்றார் கன்னியப்பன். "அவன் முறை வரட்டும். சொல்லுவான்."

தசரதன் உஸ்தாத்துக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவருக்கு முன்னால் இன்னும் நாலு பேர் பேச வேண்டும். முதல் ஆள் எழுந்து தொண்டையைக் கனைத்தார்.

"உஸ்தாத்," என்றார் தசரதன் மெதுவாக.

"இன்னா?"

"அவன் நாடாவைத் தாண்டலை."

உஸ்தாத் திரும்பவில்லை. எதிரே பேசுகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சண்டை முடிஞ்சு, வயலைக் குடியானவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறதுக்காக வெடி எடுத்துக்கிட்டிருந்தோம். நான்தான் குத்திக்கிட்டுப் போனேன். கடைசி மூணு அடியில கம்பி டக்குன்னு நின்னுது. பக்கத்துல ஒரு கிணறு இடிஞ்சு கிடந்தது. செங்கல்தான்னு நினைச்சேன். தோண்டிப் பாக்காம நாடாவைக் கட்டிட்டேன்."

"கட்டினவன் நீ. அவன் எப்படி முன்னால போனான்?"

"கால் மரத்துப்போச்சுன்னு சொன்னேன். மரக்கலை உஸ்தாத். மனசுக்குள்ள ஏதோ உதைச்சுக்கிட்டே இருந்தது. 'சரி, நீ உக்காரு, நான் நடக்கிறேன்'னு அவன் போனான்."

வட்டத்தில் கைதட்டினார்கள். அடுத்தவர் எழுந்தார். இன்னும் மூன்று பேர்.

"அப்புறம்?"

"ஆபீசர் வர்றதுக்குள்ள முளையைப் பிடுங்கி ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டேன். வெடிச்ச பள்ளம் நாடாவுக்கு வெளியே போயிடுச்சு."

உஸ்தாத்தின் கை நாற்காலிக் கைப்பிடியை இறுக்கியது. அவ்வளவுதான்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"இல்ல."

"உன் வீட்ல?"

"இல்ல."

இன்னும் இரண்டு பேர். சுலோசனா பேசுகிறவரைப் பார்க்கவில்லை. தசரதனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா இவங்க யாரும் இனிமே என் பக்கத்துல உக்கார மாட்டாங்க. அது போகட்டும். அந்தம்மா இதைத் தாங்குமா? இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குக் கிளறணும்? நீங்களே சொல்லுங்க உஸ்தாத். நான் இன்னா பண்ணட்டும்?"

உஸ்தாத் கைத்தடியை ஊன்றி எழுந்தார். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"கன்னியப்பா, ஸ்கூல் பசங்களுக்குக் காட்ட எடுத்தாந்த பை எங்கே? கொண்டா."

பையில் கம்பி இருந்தது, முளைகள் இருந்தன, ஒரு சுருள் வெள்ளை நாடா இருந்தது. உஸ்தாத் அதைத் தசரதன் மடியில் வைத்தார்.

"இங்கேருந்து அந்தம்மா நாற்காலி வரைக்கும் பாதை கட்டு."

"உஸ்தாத்..."

"கட்டு."

அறுபத்து நாலு வயதுக்காரர் மண்டி போட்டார்.

"டேய் தசரதா, தொப்பை முதல்ல தட்டும்டா, பாத்து!" என்றார் கன்னியப்பன். ஒருவர் சிரிக்க வாயெடுத்தார். தசரதனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கம்பியைச் சாய்த்துக் குத்தினார். இழுத்தார். நாலு விரல் தள்ளிக் குத்தினார். முளை நட்டார், நாடாவைச் சுற்றினார். கை எதையும் மறந்திருக்கவில்லை. பன்னிரண்டு அடி தூரத்துக்கு அரை மணி நேரம் ஆனது. யாரும் எழுந்து போகவில்லை.

சுலோசனாவின் காலுக்கு மூன்றடி முன்னால் கம்பி டக்கென்று நின்றது.

தசரதன் அப்படியே இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு கம்பியைக் கீழே வைத்துவிட்டு விரலால் மண்ணைப் பறித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, ஓரத்திலிருந்து.

அரைச் செங்கல்.

"இன்னாண்ணே," என்றார் சுலோசனா. "ஒரு செங்கல்லுக்கா கை இப்படி நடுங்குது?"

தசரதன் செங்கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். மீதி இடத்தையும் குத்திப் பார்த்து, கடைசி முளையைச் சுலோசனாவின் நாற்காலிப் பக்கத்தில் நட்டார். எழுந்து, நாடாவுக்கு வெளியே சுற்றி நடந்து உஸ்தாத்திடம் வந்தார்.

"பாதை கட்டியாச்சு உஸ்தாத்."

"ம்."

தசரதன் குரலைத் தாழ்த்தினார். "நீங்க முன்னால நடங்க. நான் பின்னாலயே வர்றேன். நீங்க அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை ஆரம்பிச்சுக் கொடுத்தா போதும். மீதியை நான் சொல்லிடுறேன்."

உஸ்தாத் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கைத்தடியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"எத்திராஜையும் இப்படித்தானே முன்னால நடக்க விட்டே?"